பெங்களூருவில் சென்னை ரசிகராகக் காலம் தள்ள: புதிதாக வருபவர்களுக்கு

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கோ படிப்புக்கோ பெங்களூரு வந்திருக்கிறீர்கள். வீடு பிடித்து, கேஸ் இணைப்பு வாங்கி, ஆபீஸ் போக எந்த பஸ் என்று தெரிந்துகொள்வதற்குள் ஐபிஎல் வந்துவிடும். அப்புறம் பேக்கரி வாசலிலும் ஆபீஸ் கேன்டீனிலும் லிஃப்டிலும் ஒரே வாக்குவாதம்தான். கிரிக்கெட்டில் ஆரம்பித்து டிராஃபிக், தண்ணீர், வீட்டு அட்வான்ஸ், வெயில் என்று போய், கடைசியில் சென்னை பெருசா பெங்களூரு பெருசா என்பதில் வந்து நிற்கும். ஒதுங்கியே இருந்தால் இந்த ஊரில் பேச ஆள் கிடைக்காது. விவரம் தெரியாமல் வாய் விட்டால் பேசிக்கொண்டிருந்தவர்களும் நழுவிவிடுவார்கள். இதை எனக்குச் சொல்லித்தர யாரும் இல்லை. நீங்களாவது தட்டுத் தடுமாறாமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன்.

1. எதிரே நிற்பவர் யார் என்று பாருங்கள்

புதிதாக வருபவர்கள் எல்லோரும் விழும் குழி இதுதான். அல்சூர், மர்ஃபி டவுன், ஆஸ்டின் டவுன், ஸ்ரீராமபுரம் பக்கம் மூன்று நான்கு தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். வீட்டில் தமிழ்தான் பேசுவார்கள், ஆடி மாதம் கூழ் ஊற்றுவார்கள். அதனால் ஐபிஎல்லிலும் மஞ்சள் பக்கம்தான் இருப்பார்கள் என்று நினைத்துப் பேச்சைத் தொடங்காதீர்கள். அவர்களுக்கு பெங்களூரு ஐபிஎல் அணியான ஆர்சிபிதான் "நம்ம டீமு". சென்னை அணி "உங்க டீமு". ஊர்க் கணக்கிலும் அப்படித்தான். நீங்கள் மதுரையோ திருச்சியோ வேலூரோ, அவர்களுக்கு எல்லாம் ஒன்றுதான்: "மெட்ராஸா?"

இவர்களோடு வாதாடுவது கன்னடக்காரர்களோடு வாதாடுவதைவிடக் கடினம். நீங்கள் தமிழில் முணுமுணுப்பதும் அவர்களுக்குப் புரியும், கேன்டீனில் கன்னட நண்பர் என்ன சொல்லிச் சிரித்தார் என்பதும் புரியும். "தமிழனா இருந்துக்கிட்டு ஆர்சிபிக்குக் கத்தறீங்களே" என்ற ஒரு வரியை மட்டும் வாயில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் பிறந்த ஊர் இது. அந்தக் கேள்விக்குப் பதிலே வராது, பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

வயதில் மூத்தவர் என்றால் அண்ணா, இன்னும் மூத்தவர் என்றால் அங்கிள். உங்கள் வயதுக்காரர்கள் தாங்களாகவே "மச்சா" என்றோ "குரு" என்றோ கூப்பிட ஆரம்பிப்பார்கள். அதுவரை நீங்கள் ஆரம்பிக்க வேண்டாம்.

2. கையில் இருக்க வேண்டிய ஆவணங்கள்

ஸ்கோர்கார்டுகளைத்தான் சொல்கிறேன். கீழே உள்ளவற்றை போனில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப் பேச்சில் சொன்னால் "அப்படியா, காட்டு" என்பார்கள். நெட்வொர்க் கிடைக்காத இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்காதீர்கள்.

முதலில் ஐந்து கோப்பை: 2010, 2011, 2018, 2021, 2023. இதை எல்லோரும் சொல்வார்கள், அதனாலேயே இதற்கு மதிப்பில்லை. பதிலும் தயாராக இருக்கும்: 2016, 2017. அந்த இரண்டு வருடமும் சென்னை அணி தடையில் இருந்தது. 2025இல் ஆர்சிபியின் சொந்த மைதானமான சின்னசாமி ஸ்டேடியம் வாசலில் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட கைதிச் சட்டையே விற்றார்கள். ஆகவே கோப்பை எண்ணிக்கையை முதல் வரியில் எடுக்காமல் கடைசிக்கு வையுங்கள்.

"ஒரு கப் கூட இல்லை" என்ற பழைய கிண்டல் இப்போது செல்லாது. 2025 ஜூன் 3 அன்று அகமதாபாத்தில் பஞ்சாபை 6 ரன்னில் வென்று ஆர்சிபி கோப்பையைத் தூக்கிவிட்டது. அதற்கு முந்தைய வருடமே ஆர்சிபி பெண்கள் அணி, பெண்களுக்கான ஐபிஎல்லான டபிள்யூபிஎல் கோப்பையை வென்றது. இன்னமும் பழைய மீம்களை அனுப்பிக்கொண்டிருப்பவரை இந்த ஊரில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

அவர்கள் எடுப்பது மூன்று ஆட்டங்கள். 2024 மே 18: பிளே-ஆஃப் போக சென்னைக்குக் கடைசி ஓவரில் 17 ரன் தேவை. முதல் பந்தை தோனி 110 மீட்டர் தூரத்துக்கு அடிக்கிறார், அடுத்த பந்தில் அவுட். 2025 மார்ச் 28: சேப்பாக்கத்திலேயே ஆர்சிபி 50 ரன்னில் வென்றது, 2008க்குப் பிறகு அங்கே அவர்களுக்கு அதுதான் முதல் வெற்றி. 2025 மே 3: சின்னசாமியில் 2 ரன்னில் தோல்வி. மூன்றுக்கும் நம்மிடம் நல்ல பதில் இல்லை. "ஆமா, அன்னைக்குத் தோத்தோம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போங்கள். சுருக்கமாக ஒப்புக்கொள்பவருக்கு இங்கே மரியாதை உண்டு. அம்பயர், டாஸ், ஈரம் என்று இழுப்பவருக்குக் கிடையாது.

உங்கள் பக்கம் வலுவான சீட்டு 2011 இறுதி ஆட்டம். சேப்பாக்கத்தில் சென்னை 58 ரன்னில் வென்றது, எதிரணி ஆர்சிபியேதான்.

ஆனால் உண்மையான வாதம் ஐபிஎல்லில் இல்லை. ஏலத்தில் எடுத்த ஆட்களை வைத்து ஊர்ப் பெருமை பேசுவதில் எவ்வளவு சத்து இருக்க முடியும்? பேக்கரி வாசலில் நிற்கும் அறுபது வயதுக்காரர் மாநில அணிகள் மோதும் ரஞ்சிக் கோப்பைக்குப் போவார். அங்கே நம் நிலைமை பரிதாபம். கர்நாடகா 8 முறை ரஞ்சி வென்றிருக்கிறது. தமிழ்நாடு 2 முறைதான், கடைசியாக 1987-88இல். 2014-15 இறுதி ஆட்டத்தில் கர்நாடகாவின் கருண் நாயர் 328 அடித்தார். தமிழ்நாடு இன்னிங்ஸ் மற்றும் 217 ரன்னில் தோற்றது. 2019 அக்டோபரில் மாநில அணிகளின் ஒருநாள் கோப்பையான விஜய் ஹசாரே இறுதி ஆட்டம், இதே சின்னசாமியில்: கர்நாடகாவின் அபிமன்யு மிதுன் தன் பிறந்தநாளில் ஹாட்ரிக் எடுத்து நம்மைக் கவிழ்த்தார். அதே சீசனில் டி20 கோப்பையான சையது முஷ்டாக் அலி இறுதி ஆட்டத்திலும் அவர்களிடம் 1 ரன்னில் தோல்வி.

இவ்வளவையும் அவர் சொல்லி முடிக்கும் வரை பொறுமையாகக் கேளுங்கள். அப்புறம் 2021 நவம்பர் 22, டெல்லி என்று மட்டும் சொல்லுங்கள். முஷ்டாக் அலி இறுதி ஆட்டம், எதிரணி கர்நாடகா, கடைசிப் பந்தில் 5 ரன் வேண்டும், நம்ம தமிழ்நாட்டு ஆட்டக்காரர் ஷாருக் கான் (நடிகர் இல்லை) சிக்ஸர். அந்த ஒரு பந்தின் வீடியோ போனில் இருக்கட்டும். ரஞ்சி ரசிகர் ஒருவர் அதை இரண்டாம் முறை பார்க்கும்போது முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டுமே.

கால்பந்துக்கு ஒரே ஒரு ஆவணம் போதும். 2018 மார்ச் 17, இந்தியக் கால்பந்து லீக்கான ஐஎஸ்எல்லின் இறுதி ஆட்டம், பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியம். ஒன்பதாவது நிமிடத்திலேயே பெங்களூரு எஃப்சியின் சுனில் சேத்ரி கோல் போட்டு, சொந்த மண்ணில் ஊரே கொண்டாடிக்கொண்டிருந்தபோது சென்னையின் எஃப்சி 3-2 என்று வென்றது. பதிலுக்கு மாநில அணிகளின் கால்பந்துக் கோப்பையான சந்தோஷ் டிராஃபி வரும்: 2023இல் ரியாத்தில் கர்நாடகா 54 வருடத்துக்குப் பிறகு கோப்பை வாங்கியது, தமிழ்நாடு வாங்கியதே இல்லை. கபடியைத் தொடாதீர்கள். பெங்களூரு புல்ஸ் ஒரு முறை பட்டம் வென்றிருக்கிறது, தமிழ் தலைவாஸ் இன்னும் வெல்லவில்லை.

3. ஒரு முறையாவது சின்னசாமிக்குப் போய் வாருங்கள்

டிவியில் பார்த்துவிட்டுப் பேசுபவருக்கும் நேரில் போனவருக்கும் வித்தியாசம் உண்டு. ஆனால் இது செலவான காரியம்.

டிக்கெட்: ஆர்சிபி தன் ஆட்டங்களுக்கான டிக்கெட்டைத் தன் சொந்த இணையதளத்திலும் ஆப்பிலும் விற்று வந்திருக்கிறது. 2025இல் அடிமட்ட டிக்கெட்டே 2,300 ரூபாய். 2025 செப்டம்பரிலிருந்து ஐபிஎல் டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 28இலிருந்து 40 சதவீதமாகிவிட்டது. அதாவது அடிப்படை விலை 1,000 என்றால் கையிலிருந்து போவது 1,400. சென்னை ஆட்டத்துக்குத்தான் கிராக்கி அதிகம், திறந்த கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும். கணக்கை முதல் நாளே தொடங்கி, போன் எண்ணைச் சரிபார்த்து, பணம் கட்டும் வழியையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். ஓடிபி வருவதற்குள் டிக்கெட் போய்விடும். சென்னை ஆட்டமே வேண்டும் என்று அடம்பிடிக்காமல் வேறு அணியோடு நடக்கும் ஆட்டத்துக்குப் போனால் செலவும் அலைச்சலும் குறையும்.

பொறி: ஆட்ட நாளன்று எம்ஜி ரோடு பக்கம் "டிக்கெட் இருக்கு சார்" என்று வருபவர்கள். போனில் காட்டும் க்யூஆர் படத்தை எத்தனை பேருக்கு விற்றிருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது. முதலில் உள்ளே போனவருக்குத்தான் நாற்காலி.

கையில்: டிக்கெட், அதை வாங்கியவரின் அசல் அடையாள அட்டை, போனில் முழு சார்ஜ். பவர் பேங்க், தண்ணீர் பாட்டில், பெரிய பை எதையும் எடுத்துப் போகாதீர்கள். வாசலில் நிறுத்தினால் வைத்துவிட்டு வர இடம் தேட வேண்டியிருக்கும். உள்ளே சாப்பாடு விலை வயிற்றெரிச்சல், சாப்பிட்டுவிட்டே போங்கள்.

போக்குவரத்து: சொந்த வண்டி வேண்டவே வேண்டாம். பர்ப்பிள் லைன் மெட்ரோவில் கப்பன் பார்க் அல்லது எம்ஜி ரோடு. டிக்கெட்டில் போட்டிருக்கும் கேட் எண்ணைப் பார்த்து எந்த ஸ்டேஷன் என்று முடிவு செய்யுங்கள். தப்பான பக்கம் இறங்கினால் கூட்டத்துக்குள் ஸ்டேடியத்தைச் சுற்ற வேண்டும். சேப்பாக்கத்தில் மேட்ச் டிக்கெட்டைக் காட்டியே மெட்ரோவில் போன பழக்கத்தில் இங்கும் அறிவிப்பைப் பார்க்காமல் கிளம்பிவிடாதீர்கள். திரும்பும் பயணத்துக்கும் போகும்போதே டிக்கெட் எடுத்துக்கொண்டால் இரவில் கவுன்டர் வரிசை மிச்சம்.

நேரம்: 7.30 ஆட்டத்துக்கு 5.30 மணிக்கே வாசலில் இருங்கள். முடிய 11.30 ஆகும். ஆட்ட நாட்களில் கடைசி ரயிலைத் தள்ளிவைப்பது வழக்கம், ஆனாலும் அன்றைய மெட்ரோ அறிவிப்பைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள். ஆட்டோவை நம்பினால் அந்த நேரத்தில் அவர் சொல்வதுதான் கட்டணம்.

மஞ்சள் சட்டை: தாராளமாகப் போடலாம், சென்னை ஆட்டத்தன்று பாதி கேலரி மஞ்சளாகத்தான் இருக்கும். வெளியே வந்ததும் மேலே ஒரு சட்டையை மாட்டிக்கொள்ளுங்கள், முக்கியமாக ஜெயித்திருந்தால். மெட்ரோ பெட்டிக்குள் விசில் அடிக்காதீர்கள்.

ஒன்று கவனம்: 2025 ஜூனில் வாசலில் நடந்த நெரிசலுக்குப் பிறகு சின்னசாமியில் ஆட்டங்கள் நடப்பதே கேள்விக்குள்ளானது. அந்த வருட மகளிர் உலகக் கோப்பை ஆட்டங்கள் நவி மும்பைக்குப் போயின. லீவு போடும் முன், டிக்கெட்டுக்குப் பணம் கட்டும் முன், இடம் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

4. காசில்லாமல் பார்க்க

என்னைக் கேட்டால் இதுதான் சிறந்த வழி. கர்நாடகாவின் ரஞ்சி ஆட்டங்களுக்குப் பெரும்பாலும் அனுமதி இலவசம். குளிர்காலத்தில் ஒரு வார நாள் லீவு போட்டுக் காலை 9 மணிக்குப் போய் உட்காருங்கள். கேலரியில் ஐம்பது நூறு பேர்தான் இருப்பார்கள், அதில் பாதிப் பேர் பழைய கர்நாடக ஜாம்பவான்கள் விஸ்வநாத்தையும் பிரசன்னாவையும் நேரில் பார்த்தவர்கள். டிபன் பாக்ஸைத் திறந்து சித்ரான்னம் நீட்டுவார்கள், கூடவே நாற்பது வருடக் கதையையும். அங்கே ஒரு நாள் உட்கார்ந்து கேட்டது உங்களுக்கு ஒரு சீசன் முழுக்க வாதத்துக்கு உதவும். சில ஆட்டங்கள் நகருக்கு வெளியே ஆலூரில் நடக்கும். அது துமகூரு ரோட்டில் வெகு தூரம், நிழலும் குறைவு, தொப்பி முக்கியம்.

கால்பந்துக்கு அல்சூரை ஒட்டிய கௌதமபுரம் போங்கள். தமிழ் பேசும் தெருக்கள், ஊரே பந்து ஆடும். அம்பேத்கர், புத்தர், அன்னை தெரசா சிலைகளோடு சேர்த்து பீலேவுக்கும் சிலை வைத்திருக்கிறார்கள். உலகக் கோப்பை சமயத்தில் தெரு முழுக்க பிரேசில் கொடிதான். அங்கே போய் ஐபிஎல் பேசாதீர்கள், 1948 லண்டன் ஒலிம்பிக்கைப் பற்றிக் கேளுங்கள். பிரான்சுக்கு எதிராக இந்தியாவின் கோலைப் போட்ட சாரங்கபாணி ராமன் பெங்களூருக்காரர்.

5. பேச்சு ஊர்ப் பக்கம் திரும்பும்போது

கட்டாயம் திரும்பும். இங்கே விதி ஒன்றுதான்: எதைச் சொன்னாலும் அதற்குச் சமமான ஒன்று திரும்பி வரும்.

"அவுட்டர் ரிங் ரோடு 2022இல் முங்கிப் போச்சே" என்றால், 2015 டிசம்பர் சென்னை வரும், மிக்ஜாம் புயல் வரும். "2024 கோடையில் டேங்கர் லாரிக்கு அலைஞ்சீங்களே" என்றால், 2019இல் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் போனது வரும். "இங்கே வெயிலே இல்லை" என்று அவர்கள் அளக்கும்போது, 2016 ஏப்ரலில் பெங்களூருவில் 39.2 டிகிரி பதிவானதைச் சொல்லலாம். ஆனால் 2003இல் சென்னையில் 45 டிகிரி போனது அவருக்கும் தெரிந்திருந்தால் நீங்கள் காலி.

ஆகவே ஊரோடு ஊரை மோத விடாதீர்கள், உங்கள் தெருவைப் பற்றிப் பேசுங்கள். "பெங்களூரு டிராஃபிக் மோசம்" என்று சொல்ல நீங்கள் யார் என்பார்கள். "சில்க் போர்டு சிக்னல்ல நேத்து ஏழு மணிக்கு நின்னேன்" என்று சொன்னால் நாலு பேர் சேர்ந்துகொள்வார்கள். மஞ்சள் லைன் மெட்ரோ 2025 ஆகஸ்டில் ஓட ஆரம்பித்தது, அதில் ஏறிப் பார்த்திருக்கிறீர்களா? எந்த ஸ்டேஷனில் இறங்கினால் நடைபாதை இருக்கிறது, எங்கே குழி இருக்கிறது என்று சொல்லத் தெரிந்தவர்தான் இங்கே ஊர்க்காரர். மூன்றாவது தலைமுறைத் தமிழர் ஊரைத் திட்டுவதும் அப்படித்தான். மொத்தமாகத் திட்டுபவர் வெளியூர்க்காரர், சந்தின் பெயரைச் சொல்லித் திட்டுபவர் உள்ளூர்க்காரர்.

கன்னடம் கற்றுக்கொள்ளுங்கள். தெரிந்துகொண்டே பேசாமல் இருப்பவர் மேல்தான் இங்கே கோபம், தப்பும் தவறுமாகப் பேசுபவர் மேல் இல்லை. தமிழருக்குச் சில மாதத்தில் காது பழகிவிடும்.

6. தொடவே கூடாதவை

2025 ஜூன் 4. கோப்பை வென்ற மறுநாள் சின்னசாமி வாசலில் நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். கப் வென்றதைக் கிண்டல் செய்யும் வேகத்தில் அந்த நாளை இழுத்துவிடாதீர்கள். மற்றவர் இழுத்தாலும் நீங்கள் சிரிக்காதீர்கள்.

காவிரி. கிரிக்கெட் வாதத்தில் இதைச் சேர்ப்பது முட்டாள்தனம். 2018இல் காவிரிப் போராட்டத்தால் சென்னை அணியே தன் சொந்த ஆட்டங்களை புனேக்கு மாற்ற வேண்டி வந்தது. 2016 செப்டம்பரில் இதே ஊரில் தமிழ்நாட்டுப் பதிவெண் பஸ்கள் எரிந்தன. அதைப் பார்த்தவர்கள் உங்கள் தெருவில் இருக்கிறார்கள். யாராவது விடாமல் கேட்டால், 2018 தீர்ப்பில் கர்நாடகாவுக்குக் கூடுதலாகக் கிடைத்த 14.75 டிஎம்சியில் 4.75 பெங்களூருவின் குடிநீருக்கு என்று சொல்லி, நாம் குடிப்பதும் அந்தத் தண்ணீர்தான் என்று முடித்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம்.

7. பந்தயம்

பணம் வைக்காதீர்கள். 2025 ஆகஸ்டில் வந்த சட்டம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளையே தடை செய்துவிட்டது. "நம்ம ஆளு ஒருத்தர் ஆப் வெச்சிருக்கார்" என்று வருபவர்களிடம் இன்னும் தள்ளி நில்லுங்கள். சின்ன வாதத்துக்கு பை-டூ காபி (ஒரு காபியை இரண்டாகப் பிரித்துத் தருவது), பெரிய வாதத்துக்கு தொன்னை பிரியாணி, இந்த ஊரில் அதுவே போதுமானது. தோற்றால் மறுநாளே வாங்கிக் கொடுத்துவிடுங்கள். இழுத்தடித்தால் சீசன் முழுக்க உங்கள் பெயர் அதோடு சேர்ந்தே வரும்.

8. எப்போது பேசலாம்

ஆட்டம் நடக்கும்போது வேண்டாம். முடிந்த இரவும் வேண்டாம், தோற்றவர் தூங்கி எழட்டும். மறுநாள் காலை பேக்கரியில் முதல் டீக்குப் பிறகு நல்ல நேரம். ஆபீஸில் மேனேஜர் ஆர்சிபி ரசிகர் என்றால் அப்ரைசல் முடியும்வரை கேட்டுக்கொண்டு மட்டும் இருங்கள். ஐபிஎல்லும் அப்ரைசலும் ஒரே சமயத்தில் வருவது தற்செயல்தான், ஆனாலும் ஜாக்கிரதை.

வீட்டு ஓனர் விஷயம் தனி. பத்து மாத அட்வான்ஸ் கேட்டுப் பழகிய ஊர் இது, இப்போதும் ஐந்தாறு மாதம் சாதாரணமாகக் கேட்கிறார்கள். அந்தப் பணம் அவரிடம் இருக்கிறது. 11 மாத ஒப்பந்தம் மே மாதத்தில் முடிகிறது என்றால் ஏப்ரலிலிருந்தே மஞ்சள் சட்டையை மொட்டை மாடியில் காயப்போடாதீர்கள். காலி செய்யும்போது பெயிண்டிங் என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பது இங்கே வழக்கம். பேச்சு முற்றி அது இரண்டு மாதமாக ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குடி வந்த அன்றே எல்லாச் சுவரையும் தேதியோடு போட்டோ எடுத்து அவருக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள்.